பிரிஞ்சிடுச்சுன்னு சொன்னா என்ன அர்த்தம்

இன்னைக்கு மையக்காவைப் பார்த்துட்டு வந்தேன். வந்த கையோட டைப் பண்றேன். அவங்க சொன்ன கதை இன்னும் நெஞ்சுக்குள்ளயே உக்காந்திருக்கு, இறங்க மாட்டேங்குது. எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

மையக்கா யாருன்னா, டயர் பட்டறைக்குப் பின்னாடி தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை இருக்கு இல்லையா, செயற்கைக் கால் செய்யற இடம், அங்க கலவை கலக்கறவங்க. வீட்ல வச்ச பேரு வேற. எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சாலும் நகக்கண்ணுல, காது மடல்ல ஒரு கருப்பு ஒட்டிக்கிட்டே இருக்கும். பட்டறைல யாரோ "என்னக்கா, காதுக்கெல்லாம் மை வச்சிருக்கீங்க"ன்னு கேட்கப்போய் அந்தப் பேரே நிலைச்சுடுச்சு. இப்ப அவங்க வீட்டுக்காரரே ஃபோன்ல அப்படித்தான் போட்டு வச்சிருக்காராம்.

அந்தக் கருப்பு என்னன்னு சொன்னாதான் கதை புரியும். செயற்கைப் பாதத்துக்குள்ள வளைஞ்ச ஒரு தகடு இருக்கும். நடக்கும்போது அமுங்கி, திரும்ப எழும்பி, ஆளை முன்னாடி தள்ளி விடறது அதுதான். கார்பன் துணியை அடுக்கடுக்கா வச்சு ரெசின் ஊத்தி செய்வாங்க. அந்த ரெசின்ல கார்பன் நானோக் குழாய்னு ஒரு பொடியை சிட்டிகை அளவு சேர்ப்பாங்க. பார்க்க வெறும் கரிப்பொடி. ஆனா ஒவ்வொண்ணும் தலைமுடியை விடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிசான குழாய். அது சரியாப் பரவியிருந்தா தகடு அவ்வளவு லேசுல விரிசல் விடாது.

சரியாப் பரவினாதான். அதுங்க குணம் என்னன்னா, வீட்டு விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி, எங்க விட்டாலும் ஒரே மூலைல கூடிக்கும். அப்படிக் கட்டி கட்டியா கூடிட்டா பொடி போடாத தகடே மேல். விரிசல் அந்தக் கட்டில இருந்துதான் ஆரம்பிக்கும். அதைத் தடுக்க ஒரு பாலிமர் திரவம் சேர்ப்பாங்க. நீளநீளமான சங்கிலி மாதிரி இருக்கற மூலக்கூறு. அது ஒவ்வொரு குழாயையும் சுத்திப் பிடிச்சுக்கிட்டு, பக்கத்துக் குழாய் ஒட்ட வந்தா "தள்ளி நில்லு"ன்னு சொல்லும். பட்டறைல அதுக்குப் பேரு பிரிப்பான்.

பிரிப்பான் ஊத்தி, காதைக் கிழிக்கற மாதிரி கீச்சுன்னு கத்தற ஒரு மெஷின்ல வச்சு எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடி மேல விட்டு, மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்க மையக்கா. கட்டியே இல்லாம, ஒரே சீரா சாம்பல் நிறமா தெரிஞ்சா தலையை நிமித்தி ஒரே ஒரு வார்த்தை சொல்வாங்க.

"பிரிஞ்சிடுச்சு."

அந்தப் பட்டறைல அதை விட சந்தோஷமான வார்த்தை கிடையாது. பிரிஞ்சிடுச்சுன்னா டீ சொல்லலாம்.

இப்ப ரெண்டு பேரைப் பத்தி சொல்லணும். ஒருத்தர் மையக்காவோட தம்பி, பஸ் கண்டக்டர். போன வருஷம் ஒரு விபத்துல வலது கால் முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு. டிப்போல அவருக்கு ஆபீஸ்ல பேப்பர் அடுக்கற வேலை குடுத்தாங்க. மனுஷனுக்கு அது ஆகல. "எனக்குப் பேப்பர் பதில் பேச மாட்டேங்குதுக்கா"ன்னு சொல்லுவாராம். கெஞ்சிக் கூத்தாடி, புதுக் கால் போட்டுக்கிட்டு ஒரு நாள் பஸ்ல டியூட்டி பார்த்துக் காட்டறேன், சரியா இருந்தா கண்டக்டர் பையைத் திருப்பிக் குடுங்கன்னு சம்மதம் வாங்கினாரு. காலு அக்கா பட்டறைலதான்.

இன்னொருத்தரை பட்டறைல பெயிண்ட்டர்னுதான் கூப்பிடுவாங்க. பட்டறைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி பாதி வாழ்க்கை பெயிண்ட் கடைல டின் கலக்கினவரு. மையக்காவை விட வயசுல பெரியவர்தான், ஆனா எல்லாரும் கூப்பிடறாங்களேன்னு அவரும் அக்கான்னுவாரு. இவங்க அவரை அண்ணேன்னுவாங்க. "இந்தப் பட்டறைல யாருக்கு யாரு பெரியவங்கன்னே தெரியல"ன்னு இன்ஜினியரம்மா கிண்டல் பண்ணுவாங்க. பட்டறை அவங்களோடதுதான்.

தம்பிக்கு அளவு எடுக்க மையக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அன்னைக்கு, கலவை வேலை பெயிண்ட்டர் கைல, மைக்ரோஸ்கோப் பார்க்க இன்னும் பழகாதவரு. ஆஸ்பத்திரி வராந்தால ஒரே சத்தம். ஃபோன் வந்துச்சு.

"அக்கா, பிரிஞ்சிடுச்சு."

"பிரிஞ்சிடுச்சா? நல்லதாப் போச்சு. ஊத்திடுங்க அண்ணே."



"ஊத்திடவா?"

"ஊத்துங்க, இதுல என்ன சந்தேகம்?"

அவ்வளவுதான். தகடு அச்சுல இறங்குச்சு, அடுப்புல வெந்துச்சு. ஒவ்வொரு கலவைலயும் முதல்ல ஒரு சோதனைப் பட்டை ஊத்தி, அதை வளைச்சு உடைச்சுப் பார்ப்பாங்க. அதுவும் பாஸ். அந்தக் கலவைல ஒரே ஒரு தகடு மட்டும் அவசரமா வெளிய போச்சு. தம்பியோடது.

தம்பி டியூட்டி ஏறின அன்னைக்கு சாயங்காலம். மையக்கா வேலை முடிச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. வீட்டுக்காரரு ஜன்னல் கம்பிக்கு பச்சை பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. கையெல்லாம் பச்சை. பழைய டின்னு ஒண்ணை ஸ்க்ரூ டிரைவரால நெம்பித் திறந்து எட்டிப் பார்த்தாரு.

"சே, இது பிரிஞ்சிடுச்சு."

மையக்கா சும்மா திரும்பினாங்க. "என்னது?"

"பெயிண்ட்டுதான். மேல பாரு, எண்ணெய் மாதிரி தெளிஞ்சு நிக்குது. கலர் எல்லாம் அடியில கட்டியா கிடக்கு. தூக்கிப் போட வேண்டியதுதான்."

அந்த இடத்துல அக்கா கைல இருந்த டம்ளரை எங்க வச்சாங்கன்னே தெரியல. பெயிண்ட் கடைல பாதி வாழ்க்கை இருந்த மனுஷன் பிரிஞ்சிடுச்சுன்னா என்ன அர்த்தத்துல சொல்லுவாரு?

ஃபோன் போட்டாங்க.

"அண்ணே, அன்னைக்கு நான் ஆஸ்பத்திரில இருந்தப்போ பிரிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே. பார்க்க எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா? மேல தெளிஞ்சிடுச்சு. கரி எல்லாம் அடியில தங்கிடுச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

"நீங்கதான் நல்லதுன்னு சொன்னீங்க. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, இந்த ஊர் வழக்கம் இப்படிப் போலன்னு குச்சியை விட்டு நல்லா கலக்கி ஊத்தினேன்."

"அதுக்கு முன்னாடி அதுல என்னண்ணே சேர்த்தீங்க?"

"ஒண்ணும் இல்லையே. கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு. ஒரு மூடி தின்னர் விட்டேன்."

மையக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க. பெயிண்ட்டுக்கு தின்னர் உயிர் குடுக்கும். இங்க அது எமன். அந்த பாலிமர் சங்கிலிக்கு தின்னர் பட்டா பிடிக்காது, சுருண்டுக்கும். சுருண்டா பிடி விட்டுடும். பிடி விட்டா குழாய் எல்லாம் பழையபடி ஓடிப்போய்க் கூடிக்கும். குச்சியால கலக்கினா பெரிய கட்டி சின்னக் கட்டியாகும், அவ்வளவுதான். சோதனைப் பட்டைக்கு முதல்ல மேலாக்க இருக்கறதை ஊத்தியிருக்காரு, அது பாஸ் ஆயிடுச்சு. அடியில இருந்த வண்டல்?

"கடைசியா எந்த அச்சுல ஊத்தினீங்க?"

"சின்ன அச்சுலக்கா. அந்த ஒரே ஒரு சின்ன சைஸ்."

தம்பிக்குப் பாதம் சின்னது. சின்ன வயசுல அக்கா செருப்பைப் போட்டுக்கிட்டுதான் கடைக்குப் போவாராம்.

டியூட்டில இருக்கும்போது ஃபோன் டிப்போ லாக்கர்லதான் கிடக்கணும். டிப்போவுக்கு அடிச்சா, வண்டி அப்பவே கிளம்பிடுச்சேன்னாங்க. மையக்கா செருப்பை மாட்டினாங்க. "என்னங்க, வண்டியை எடுங்க."

"கையெல்லாம் பெயிண்ட்டு."

"அவன் கால் உடையப் போகுதுங்க."

அதுக்கு மேல அவரு ஒரு வார்த்தை கேட்கல. ஸ்கூட்டர் பிடியெல்லாம் பச்சை. போற வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே காட்சிதான் கண்ணுல. தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்டாப்லயும் பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே படில இருந்து குதிப்பாரு, வலது காலை முன்னாடி வச்சு. ஊரே அவரை அப்படித்தான் பார்த்திருக்கு.

மார்க்கெட் சிக்னல்ல பஸ் கிடைச்சுது. மையக்கா ஓடிப்போய் ஏறிட்டாங்க. வீட்டுக்காரரு ஸ்கூட்டர்ல பின்னாடியே. உள்ள கால் வைக்க இடமில்ல. கூட்டத்துக்கு நடுவுல தம்பி, தோள்ல பை, காதுல பேனா, முகம் பூரா சிரிப்பு. அக்காவைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாரு.

"எங்க போகணும்?"

"உன்கிட்டதான்டா வந்தேன்."

"அந்த ஸ்டாப் இந்த ரூட்ல கிடையாது. டிக்கெட் எடு."

"டேய், உக்காரு."

"கண்டக்டரை உக்காரச் சொல்ற முதல் பயணி நீதான்க்கா."

"உன் கால்ல தப்பு இருக்குடா."

"கால் இல்லாததுதான் தப்பு. இது ஜம்முனு இருக்கு."

பக்கத்துல ஒரு பெரியவர் நோட்டை நீட்டிக்கிட்டே நிக்கறாரு. "தம்பி, சில்லறை."

"இருங்க சார், எங்க அக்கா வந்திருக்காங்க."

"அக்கா வந்தா எனக்கு சில்லறை கிடையாதா?"

பஸ் பிரேக் போட்டுச்சு. எல்லாரும் ஒரு ஆட்டம் ஆடி நின்னாங்க. மையக்கா வேற எதையும் பார்க்கல, அந்த வலது ஷூவோட நுனியைத்தான் பார்த்தாங்க. மொத்த பாரமும் அங்க போய் இறங்கிட்டுத் திரும்ப வந்துச்சு. ஸ்டாப் வந்துடுச்சு. தம்பி பழக்க தோஷத்துல படிப் பக்கம் நகர்ந்தாரு. அக்கா பின்னாடி இருந்து சட்டைக் காலரைக் கொத்தாப் பிடிச்சுட்டாங்க.

தம்பி திரும்பிப் பார்த்தப்போ முகத்துல சிரிப்பு இல்ல. குரலை இறக்கிப் பேசினாரு.

"அக்கா, மானத்தை வாங்காத. டிப்போல இருந்து பார்க்க யாரை ஏத்தி விட்டிருக்காங்களோ தெரியாது. இன்னைக்கு ஒழுங்கா நின்னாதான் நாளைக்கு இந்தப் பை என்கிட்ட. உக்காந்தேன்னு வை, திரும்ப பேப்பர்தான்."

"சரி, உக்கார வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு. காலைல இருந்து ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

தம்பி டிக்கெட் கட்டைப் புரட்டினாரு.

"டேய்."

"ஷூ புதுசு இல்ல? அதுன்னு நினைச்சேன்."

"எப்படிக் கேட்டுச்சு?"

"நகம் வெட்டற மாதிரி. டிக்குன்னு. மதியத்துல இருந்து."

மையக்காவுக்கு அந்தச் சத்தம் தெரியும். தகட்டுக்குள்ள அடுக்கு ஒண்ணொண்ணா விடும்போது வர்ற சத்தம் அது. பட்டறைல எத்தனையோ தகட்டை உடைச்சுக் கேட்டிருக்காங்க. அப்பல்லாம் அது மெஷின்ல. இப்ப தம்பி கால்ல.

அழவும் இல்ல, கத்தவும் இல்ல. அவங்க செஞ்சது என்ன தெரியுமா? தம்பியைக் கம்பியோட சாய்ச்சு நிக்க வச்சாங்க. "இடது கால்ல நில்லு. வலதை சும்மா தொட்டு வச்சுக்கோ. இங்க இருந்து அசையாத. நீ டிக்கெட் கிழி, மத்ததை நான் பார்த்துக்கறேன்"ன்னு சொல்லிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாங்க.

"கண்டக்டர் இங்கயேதான் நிப்பாரு. காசைக் கை மாத்தி அனுப்புங்க, டிக்கெட் கை மாறி வரும்."

நெரிசல் பஸ்ல அது புதுசா என்ன? எல்லாரும் மாத்தி மாத்திக் குடுத்தாங்க. அந்தப் பெரியவருக்கும் சில்லறை வந்துச்சு. "அக்கா வந்தது நல்லதாப் போச்சு"ன்னாரு. தம்பியோட தோள் அக்கா தோள் மேல சாஞ்சு இருந்துச்சு. ஒவ்வொரு பிரேக்குக்கும் அக்கா மூச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு தடவை டிக்குன்னுச்சு. ரெண்டு பேரும் கேட்டாங்க. 

கடைசி ஸ்டாப்ல வீட்டுக்காரரு தோளைக் குடுத்து இறக்கினாரு. யூனிஃபார்ம் முதுகுல அஞ்சு விரலும் பச்சையாப் பதிஞ்சுடுச்சு.

"என்ன மாமா, முத்திரை குத்திட்டீங்களா?"

"உங்க அக்காகிட்டக் கேளு. என்னைக் கை கழுவ விடல."

பெயிண்ட்டர் ஃபோன் போட்டு விஷயத்தைச் சொல்லியிருந்ததால, பட்டறைல இன்ஜினியரம்மா வந்து காத்துக்கிட்டு இருந்தாங்க. பெயிண்ட்டர் கேட் பக்கத்துலயே நின்னாரு, உள்ள வரவே இல்ல. ஷூவைக் கழட்டி, ரப்பர் உறையை உரிச்சு, தகட்டை விளக்குக்குக் கீழ பிடிச்சுப் பார்த்தாங்க. பளபளன்னு கருப்பு. கீறல் கூட இல்ல.

தம்பி அதை ரெண்டு கையிலயும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ஒண்ணும் இல்லையேக்கா. நல்லாத்தானே இருக்கு."

"உள்ள இருந்தா வெளிய தெரியாதுப்பா"ன்னாங்க இன்ஜினியரம்மா. "வளைக்கற மெஷின்ல வச்சுப் பார்த்தாதான் தெரியும். ஆனா அந்த அளவுக்கு வளைச்சா, நல்ல தகடா இருந்தாலும் திரும்ப மாட்ட முடியாது. வேற ஊத்தி, வேக வச்சு, பொருத்திக் குடுக்க நாள் ஆகும். அதுவரைக்கும் உனக்குப் பழைய கால்தான். அது பஸ்ஸுக்கு ஆகாது. நீயே சொல்லு."

அந்த நிமிஷத்தை மையக்கா சொன்னப்போ குரல் மாறிடுச்சு. அவங்களுக்கு "வளைங்க"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சாம். சொல்லல. ஒரு வேளை தகடு நல்லதா இருந்துட்டா? டிக்குன்னது நெஜமாவே ஷூவா இருந்துட்டா? இவங்க பயத்துனால அவன் வேலை போயிடுமே. சொல்லாம இருந்து, நாளைக்கு அவன் படில இருந்து குதிச்சா? ரெண்டு பக்கமும் பயம். நிக்க இடமே இல்ல.

தம்பி கொஞ்ச நேரம் தகட்டைத் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மெஷின் மேல அவரே கொண்டுபோய் வச்சாரு.

"வளைங்க மேடம். எனக்கும் மதியத்துல இருந்து பயம்தான். அக்காகிட்டதான் ஷூன்னு சொன்னேன்."

மெஷின் இறங்குச்சு. ஒரு நல்ல தகடு எவ்வளவு தாங்கணும்னு அதுல ஒரு சிவப்புக் கோடு இருக்கும். முள்ளு ஏறுச்சு. டிக். இன்னும் கொஞ்சம். டிக், டிக். சிவப்புக் கோடு எங்கயோ இருக்கு, பாதி தூரம் கூடப் போகல, விரல் பக்கம் படார்னு விட்டுப் போச்சு.

 வெளிய டயர் பட்டறைல யாரோ சுத்தியல் தட்டற சத்தம் மட்டும்.

"சரிதான்"னாரு தம்பி. "என் கால் ரெண்டாவது தடவையும் போச்சு. இந்தத் தடவை வலிக்கல."

மையக்கா சிரிச்சாங்க, சிரிக்கும்போதே அழுதுட்டாங்க. உடைஞ்ச விளிம்பை லென்ஸ்ல பார்த்தா உள்ள சின்னச் சின்னதா கருப்புப் புள்ளி, கடுகைத் தூவின மாதிரி. பெயிண்ட்டர் மெதுவா உள்ள வந்தாரு. வந்து எட்டிப் பார்த்தாரு.

"நான்தானேக்கா பிரிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்."

"நானும் அதுதானே அண்ணே கேட்டேன்."

ரெண்டு பேரு மேலயும் தப்பு சொல்ல முடியல பாருங்க. ஒருத்தருக்குக் கெட்டுப் போச்சு. ஒருத்தருக்கு நல்லா வந்துடுச்சு. நடுவுல ஒரு ஃபோன். அந்தக் கலவைல வந்த மத்த தகடு எல்லாம் நல்லவேளை அலமாரிலயே இருந்துச்சு. மறுநாளே எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டாங்க.

டிப்போல இன்ஜினியரம்மாவே போய்ப் பேசினாங்க. டிப்போ அதிகாரிங்க பார்க்க ஆளை ஏத்தி விட்டிருந்தது நெஜம்தானாம். யாருன்னு நினைக்கறீங்க? சில்லறை கேட்ட அந்தப் பெரியவர்தான், பழைய டிக்கெட் பரிசோதகர். "நின்னு நிதானமா டிக்கெட் குடுத்தாரு, குதிக்கல, அது ஒரு முன்னேற்றம்"னு எழுதியிருக்காரு. ஆனா ஒரு தடவை உடைஞ்ச காலை நம்பி உடனே பை குடுக்க முடியாது, புதுசு வரட்டும், இன்னொரு நாள் பார்த்துக் காட்டட்டும்னுட்டாங்க. அதுவரைக்கும் தம்பிக்குப் பேப்பர். பதில் பேசாத பேப்பர்.

நான் இன்னைக்குப் போனப்போ அந்தப் புதுத் தகட்டுக்குத்தான் கலவை ஓடிக்கிட்டு இருந்துச்சு. மெஷின் கீச்சுன்னு கத்துது. பெயிண்ட்டர் பிரிப்பான் அளந்து குடுத்தாரு. தின்னர் டப்பாவை வெளிய, டயர் பட்டறைக்காரங்ககிட்டயே குடுத்து வச்சிருக்காரு, "என் கையை நானே நம்பல"ன்னு. மையக்கா ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சாங்க. பார்த்தாங்க. நிமிரல. அடியில இருந்து இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தாங்க. 

"என்னக்கா?"ன்னாரு பெயிண்ட்டர்.

அந்த வார்த்தை இப்ப பட்டறைல கிடையாது. யாரும் சொல்றதில்ல. கண்ணுல என்ன தெரியுதோ அதைத்தான் சொல்லணும்.

"மேலயும் கீழயும் ஒரே சாம்பல். கட்டி இல்ல."

"அப்ப டீ சொல்லவா?"

"இன்னொரு சொட்டு பார்த்துட்டு சொல்லுங்க அண்ணே."

எனக்கு அந்த இன்னொரு சொட்டுதான் மனசுல நிக்குது. தகடு வெந்து, பொருத்தி, தம்பி பஸ்ல ஏறி, இறங்கி வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவங்களுக்குத் தூக்கம் வராது. அவங்க முகத்துல அது தெரியுது.

முழங்காலுக்குக் கீழ கால் இழந்தவங்க யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. பட்டறைக்குக் கூட்டிட்டுப் போங்க, உக்கார வச்சு நிதானமா பேசறாங்க. ஷேர் பண்ணுங்க, யாரோ ஒருத்தர் கண்ணுல படும். அப்புறம் மார்க்கெட் வழியாப் போற பஸ்ல, முதுகுல அஞ்சு பச்சை விரல் இருக்கற சட்டையோட ஒரு கண்டக்டர் கொஞ்ச நாள்ல வருவாரு, அந்தக் கறை எவ்வளவு துவைச்சும் போகலையாம். சில்லறையா எடுத்துட்டுப் போங்க. கூட்டமா இருந்தா, காசைக் கை மாத்தி அனுப்புங்க.